அப்பாவின்ர வால்வு றேடியோ: எதில தொடங்கிறது?

கோண்டாவில்_மகன் · சனி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச எழுதுறது இதுதான் முதல்தரம்.

அப்பாவின்ர வால்வு றேடியோ ஒண்டு வீட்டில கிடக்கு, ரான்சிஸ்ரருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வால்வு போட்டது. 70களின்ர தொடக்கத்தில வெங்காயம் நல்ல விலைக்குப் போன காலம், இடமாற்றமாகிப் போன ஒரு கந்தோர்க்காரரிட்டை அப்பா பழசா வாங்கினது. 1990இல கரண்ட் நிண்டதோட றேடியோவும் நிண்டது. 1995 ஒக்டோபர் 30 சண்டையால ஊரோட இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க அதைத் தூக்கேலாது. அம்மாவின்ர பழைய சீலையால மூடிப்போட்டுப் போனம். திரும்பி வந்து பாக்க வீட்டில பாதிச் சாமான் இல்லை, இது மட்டும் வைச்ச இடத்தில கிடந்தது. இடப்பக்கப் பலகையைக் கறையான் திண்டிருந்தது. அதுக்குப் பிறகு அப்பா அதை ஒருக்காலும் போட்டுப் பாக்கேல்லை. எறியவும் விடேல்லை. போன பங்குனியில அப்பா காலமானார்.

ரவுணில ரெண்டு கடையில கேட்டன். "வால்வு வேலை இப்ப ஆரும் செய்யிறேல்லை" எண்டு சொல்லிப்போட்டினம். பின்பலகை இல்லை, அதால உள்ளுக்கு வடிவாத் தெரியுது, படமும் போட்டிருக்கிறன். வால்வில எழுதியிருக்கிறது: ஈசிஎச் 81, ஈஎஃப் 89, ஈஏபிசி 80, ஈஎல் 84, ஈஇசட் 80. அதோட ஸ்ரேசன் பிடிபடுறதைக் காட்டுற பச்சைக் கண் ஒண்டு. வயர் உளுத்துப்போச்சு, அதை மட்டும் மாத்திப்போட்டன். கரண்டில குத்திப் பாக்கலாமோ?

செம்மண் · சனி, இரவு 8.55

வயர் மாத்தியாச்செண்டால் குத்திப் பாருங்கோவன். என்ர மாமாவின்ரது பத்து வருசத்துக்குப் பிறகு குத்தின உடன பாடினது.

நல்லூர்_வால்வு · சனி, இரவு 9.20

தம்பி, குத்தாதேங்கோ. முழுக்க வாசிச்சுப்போட்டுச் செய்யுங்கோ.

செம்மண்ணின்ர மாமாவின்ர றேடியோ பாடினது அதிர்ஷ்டம். உங்கடது முப்பது வருசத்துக்கு மேல கரண்ட் காணாதது. அதுக்குள்ள இருக்கிற பெரிய கொண்டென்சர் (மின்தேக்கி), அலுமினியப் பேணி மாதிரி நிக்கும், உள்ளுக்குக் காய்ஞ்சுபோயிருக்கும். ஒரேயடியா 230 வோல்ற் குடுத்தால் அது சோட்டாகும், அதோட ஈஇசட் 80 போகும், கடைசியா ரான்ஸ்போமர் எரியும். வால்வு எங்கையாவது தேடி எடுக்கலாம். உந்த ரான்ஸ்போமர் எடுக்கேலாது.

முதல் வேலை: ஒரு பழைய குண்டு பல்ப், 60 வற்ஸ், றேடியோவுக்குப் போற லைவ் வயரில தொடராப் போடுங்கோ. எல்ஈடி பல்ப் சரிவராது, இழை உள்ள பல்ப்தான் வேணும். போட்ட உடன பல்ப் பளீரெண்டு எரிஞ்சு, ரெண்டு மூண்டு செக்கனில மங்கினால் நல்ல சகுனம். பளீரெண்டு எரிஞ்சபடியே நிண்டால் உடன நிப்பாட்டுங்கோ. உள்ளுக்கு எங்கையோ சோட்.

ஆனா அதுக்கும் முதல், கரண்டே குடுக்காமல் மாத்தவேண்டிய கொண்டென்சர் ஒண்டு இருக்கு. ஸ்பீக்கரை ஓட்டுற ஈஎல் 84 வால்வின்ர ரெண்டாம் காலைப் பிடியுங்கோ, அதுதான் வால்வின்ர ஓட்டத்தைக் கட்டுப்படுத்திற கிறிட். அடியில இருந்து பாக்கேக்க, இடைவெளியில தொடங்கி வலஞ்சுழியா எண்ணவேணும். அந்தக் காலுக்கு ஈஏபிசி 80 பக்கத்தில இருந்து ஒரு மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர் வரும். பழைய மெழுகுதிரி நிறத்தில, தடவினால் கையில ஒட்டும். அது கசிஞ்சால் ஈஎல் 84இன்ர கிறிட்டில நேர் வோல்ற் ஏறும். வால்வுக்குள்ள தகடு சிவக்கும், வால்வோட வெளியீட்டு ரான்ஸ்போமரும் போகும். அந்த வயதுச் சாமானில கசியாதது அருமை. ஆரையும் கேளாமல் மாத்துங்கோ. அதே பெறுமதி, 630 வோல்ற் பிலிம் கொண்டென்சர்.

நிப்பாட்டின பிறகும் பெரிய கொண்டென்சரில 250, 300 வோல்ற் நிக்கும். ஒரு கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வேலை செய்யிறது என்ர பழக்கம். நீங்களும் பழகுங்கோ.

இன்னொண்டு, இதை வேற ஆரும் வாசிச்சால் அவைக்காக எழுதுறன். உங்கட வால்வு நம்பர் 'ஈ' எழுத்தில தொடங்கினபடியால் இது ரான்ஸ்போமர் போட்ட றேடியோ. 'யு' எழுத்தில தொடங்கினால், யூசிஎச், யூஎல் எண்டு இருந்தால், உள்ளுக்கு இருக்கிற இரும்புத் தட்டே நேரா மெயின்ஸில நிக்கலாம். அதில வெறுங்கை வைக்கப்படாது.

பருத்தித்துறை_31மீற்றர் · சனி, இரவு 10.05

நல்லூர் சொன்னது முழுக்கச் சரி. ஆனா உவ்வளவையும் எழுதி முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்? தம்பி, தனிச்செய்தியில நம்பர் அனுப்புங்கோ. பத்து நிமிசத்தில போனில சொல்லித்தாறன். எனக்குக் கண்ணும் முந்தி மாதிரி இல்லை, தட்டச்சும் ஓடாது. எங்கட வட்ஸ்அப் குழுவிலயும் சேத்துவிடுறன். அங்க குரலிலயே கேக்கலாம், குரலிலயே மறுமொழி வரும்.

கொக்குவில்_மாணவி · ஞாயிறு, காலை 6.30

பருத்தித்துறை ஐயா, குறை நினைக்காதேங்கோ. போனில சொல்லித் தீர்க்காதேங்கோ எண்டு கேக்கத்தான் எழுதுறன்.

போன வருசம் அம்மம்மாவின்ர சின்ன ரான்சிஸ்ரர் றேடியோ ஒண்டைத் திறந்தன். மீடியம் வேவில மெல்லிய இரைச்சல், சோட் வேவில ஒண்டுமில்லை. பற்றறி புதுசு, ஸ்பீக்கர் நல்லது. யூனிவேர்சிற்றியில படிக்கிறன், அலைவுகாட்டி வரை பாவிக்கத் தெரியும். ஆனா ஜேர்மானியம் ரான்சிஸ்ரர் எனக்கு ஆரும் படிப்பிக்கேல்லை. மூண்டு கிழமை மினக்கெட்டன். உங்கட வட்ஸ்அப் குழுவிலயும் கேட்டனான். ரெண்டு பேர் குரலில மறுமொழி சொல்லியிருந்தினம். ஒராள் சொன்னதில பாதி மோட்டார்சைக்கிள் சத்தம். திருப்பிக் கேப்பம் எண்டு தேடினால், அதுக்கு மேல கலியாண வாழ்த்து, மழைப் படம், ஆரோ அனுப்பின பாட்டு. கடைசிவரை எடுக்கேலாமல் போச்சு.

பிறகு இஞ்ச பழைய இழையளைத் துழாவேக்க, நாலு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் எழுதி வைச்ச பதிவு ஒண்டு கண்டன். அம்மம்மாவின்ர றேடியோவில இருந்த ஏஎஃப் 117 ரான்சிஸ்ரருக்கு மூண்டு கால் இல்லை, நாலு கால். நாலாவது, வெளிப்பேணியோட சேந்த கவசக் கால். அந்தப் பேணிக்குள்ள வருசக்கணக்கில வெள்ளீயம் மயிர் மாதிரி வளரும். கண்ணுக்குத் தெரியாத அந்த மயிர் உள்ளுக்குப் போய் முட்டி, காலைக் கவசத்தோட சோட்டாக்கும். ரான்சிஸ்ரர் பழுதில்லை. கவசக் காலை மட்டும் நறுக்கிவிட்டால் அனேகமாய் உயிர் வரும். மீற்றரை வைச்சுப் பாத்தன், அவர் எழுதின மாதிரியே கவசத்துக்கும் கலெக்டருக்கும் நடுவில சோட். நகம் வெட்டுற கத்தரியால நறுக்கினன். றேடியோ பாடினது.

நன்றி சொல்ல அவரைத் தேடினன். அவர் இப்ப இல்லை, அதுக்கு முந்தின வருசமே மோசம் போயிட்டார் எண்டு பிறகுதான் அறிஞ்சன். எனக்கு அவர் குரல் தெரியாது, முகம் தெரியாது. அவர் பத்து நிமிசப் போனில ஆருக்கோ சொல்லி முடிச்சிருந்தால் அம்மம்மாவின்ர றேடியோ குப்பைக்குப் போயிருக்கும்.

நல்லூர்_வால்வு · ஞாயிறு, காலை 7.15

அந்த மனிசன் ஒவ்வொரு வேலை முடியவும் "என்ன பழுது, எப்பிடிக் கண்டது, என்ன மாத்தினது" எண்டு மூண்டு வரி எழுதாமல் படுக்கமாட்டார். பிள்ளை, நீங்கள் சொன்னது அவற்ற வீட்டு ஆக்களுக்குத் தெரியவேணும். நான் சொல்லுறன்.

பருத்தித்துறை_31மீற்றர் · ஞாயிறு, மு.ப. 11.00

பிள்ளை சொன்னது விளங்குது. ஆனா ஒண்டு எழுத்தில வராது. சத்தம். ஸ்பீக்கரில "ம்ம்ம்" எண்டு வாற இரைச்சலில ரெண்டு வகை இருக்கு. தடிச்ச குரலில வாறது 50 ஹேர்ட்ஸ், அதைவிடக் கொஞ்சம் மேல கூர்மையா வாறது 100. ஈஇசட் 80 ஏசியின்ர ரெண்டு பக்கத்தையும் டிசியா நிமிர்த்திற வால்வு. அதால பெரிய கொண்டென்சர் போனால் 100 வரும். 50 வந்தால் வேற இடம் பாக்கவேணும். இதை எப்பிடி எழுதிக் காட்டுவியள்? காதால கேக்கவேணும். தம்பி, றேடியோ சத்தம் போடத் தொடங்கினால் ரெக்கோட் பண்ணி இஞ்ச போடுங்கோ. நான் கேட்டுச் சொல்லுறன்.

2017 ஏப்ரல் 30, பிபிசி தமிழோசை வானொலியின்ர கடைசி நாள். முற்றத்தில வேப்பமரத்துக்கும் கிணத்துத் தூணுக்கும் கட்டின அன்ரெனாவில கேட்டுப் பதிஞ்சு வைச்சிருக்கிறன். 1941இல தொடங்கின சேவை. அதின்ர கடைசி நிமிசத்தில வந்த இரைச்சலும் மங்கலும் எழுத்தில இல்லை. அது குரலிலதான் இருக்கு.

கொக்குவில்_மாணவி · ஞாயிறு, மு.ப. 11.20

அந்தப் பதிவை நாங்களும் கேக்கலாமோ ஐயா? அதோட, 50க்கும் 100க்கும் நீங்கள் எழுதின அந்த நாலு வரி ஒரு புத்தகத்திலயும் எனக்குக் கிடைக்கேல்லை.

கஸ்தூரியார்_வீதி_பழையவர் · ஞாயிறு, பி.ப. 4.10

(தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதுறன். அவர் சொன்ன மாதிரியே. பேத்தி.)

1969இல, 16 வயதில, றேடியோக் கடைக்கு வேலைக்குப் போனன். என்ர முதலாளி நல்ல கைகாரன், பேரைச் சொல்லேல்லை. அலைவரிசை சரிபாக்கிற நேரம் வந்தால் என்னைப் பிளேன்ரீ வாங்க அனுப்புவார். ஓடிப்போய் ஓடி வருவன். அதுக்குள்ள முடிச்சு, திருகாணிக்கு மேல மெழுகு ஊத்தியிருப்பார். ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான் கண்டன், எதிர்ச்சுவர் அலுமாரிக் கண்ணாடியில அவற்ற கை விழும். பிளேன்ரீ பிந்தினாலும் பறவாயில்லை எண்டு வாசலில நிண்டு அந்தக் கண்ணாடியில பாத்துத்தான் தொழில் படிச்சன். அப்பிடிப் படிச்சபடியால், ஒளிக்கிறதுதான் தொழில் எண்டும் படிச்சுப்போட்டன்.

இறக்குமதி நிண்ட காலம், 70இல இருந்து 77 வரை, உதிரிப்பாகம் இல்லை. வயருக்குப் போடுற சிலீவ் கூட இல்லை. சைக்கிள் வால்வுக்குப் போடுற ரப்பர் குழாயை வெட்டிப் போட்டம்.

இப்ப சொல்லப்போறதை நான் ஆருக்கும் சொன்னதில்லை.

90க்குப் பிறகு கரண்ட் இல்லை, பற்றறி குடாநாட்டுக்குள்ள வர அரசாங்கம் விடேல்லை. சனம் பழைய பற்றறியை வெயிலில காயவைச்சுப் பாத்தது. அது ஒரு செய்திக்குக் காணும், ரெண்டுக்குக் காணாது. பிறகுதான் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, ஒராள் பெடலைக் கையால சுத்த, மற்றவை றேடியோவைச் சுத்தி இருந்து கேக்கிறது. டைனமோ 6 வோல்ற், 3 வற்ஸ், வாறது ஏசி. நாலு டயோட்டும் 1000 மைக்ரோபராட் கொண்டென்சர் ஒண்டும் போட்டால் றேடியோ பாடும். இதை எல்லாக் கடையிலயும் செய்தினம்.

ஆனா சுத்துறவன் இளந்தாரியெண்டால் வேகம் கூடும். செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்க இன்னும் வேகமாச் சுத்துவான். வோல்ற் ஏறி றேடியோ எரியும். அதுக்கு நான் ஒரு வழி கண்டனான். ஒன்பது சாதாரண டயோட்டைத் தொடராக் கோத்து, கொண்டென்சருக்குக் குறுக்க போட்டால், ஒவ்வொண்டும் 0.7 பிடிச்சு, ஆறேகாலுக்குக் கொஞ்சம் கூட நிக்கும். எவ்வளவு சுத்தினாலும் அங்கால ஏறாது. பழைய சேர்க்கிட்டுப் பலகையில கழட்டின டயோட்டே காணும்.

அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கோர்வையைத் தார் போட்டு மூடிக் குடுத்தன். மற்றக் கடையளில செய்தது எரிஞ்சு எரிஞ்சு என்னட்டை வந்தது. எனக்கு வேலை கூடினது. அந்த நாளில றேடியோ பாட்டுக் கேக்கிற சாமானில்லை. எந்தப் பக்கம் போறது, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இண்டைக்கு வெளிக்கிடுறதோ நாளைக்கோ எண்டு சனம் முடிவெடுக்கிற சாமான். எத்தினை வீட்டில அது நடுவில செத்துப்போனது எண்டு இப்ப நினைக்கிறன். ஒன்பது டயோட். சொல்ல ஒரு நிமிசம் போயிருக்காது.

95இல நாவற்குழிப் பாலத்தால நடந்து போகேக்க என்ர கொப்பியைக் கடையில விட்டிட்டுப் போனன். இருபத்தாறு வருச வேலை அதில இருந்தது. வந்து பாக்கக் கடைக்குக் கூரையே இல்லை.

தம்பி, உங்கட றேடியோவுக்கு ரெண்டு வேலை சொல்லுறன். கருவி ஒண்டும் வேண்டாம்.

ஒண்டு: குரலைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானின்ர நடுக்காலை, ஈரமில்லாத, பிடி நல்லா மூடின திருப்புளி முனையால தொடுங்கோ. திருப்புளியின்ர இரும்பில விரல் நுனி படட்டும், மற்றக் கை பின்னுக்கு. ஸ்பீக்கரில "ர்ர்" எண்டு பெரிய சத்தம் வந்தால், அங்கையிருந்து ஸ்பீக்கர் வரை நல்லது. பழுது முன்னுக்கு.

ரெண்டு: நல்ல சின்ன றேடியோ ஒண்டைப் பக்கத்தில வையுங்கோ. உங்கட பெரிய றேடியோவின்ர முள்ளை மீடியம் வேவ் 600 கிலோஹேர்ட்ஸில விடுங்கோ. சின்னதை 1055இல வைச்சு மெல்ல அங்கால இஞ்சால ஆட்டுங்கோ. பெரிய றேடியோ உள்ளுக்கு உற்பத்தி பண்ணுற அலை சின்னதில விழும். இரைச்சல் சடாரெண்டு அடங்கும், இல்லாட்டி விசில் அடிக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455. சில றேடியோவில 470 வரைக்கும் போகும், அதால பொறுமையாத் தேடுங்கோ. ஒண்டுமே விழேல்லையெண்டால் ஈசிஎச் 81 பக்கம் வேலை செய்யேல்லை.

இந்த ரெண்டாவது வேலைக்குத்தான் முதலாளி என்னைப் பிளேன்ரீக்கு அனுப்பினவர்.

மதுரை_ரேடியோ · ஞாயிறு, இரவு 7.30

ஐயா, மதுரையிலிருந்து எழுதுறேன். மூணு தடவை படிச்சேன். 455 விஷயம் நானும் தெரிஞ்சவங்கிட்ட கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லாம, சொந்தமா தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டேன். உங்க வாயால கேக்குறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கோண்டாவில் அண்ணே, 630 வோல்ட் கண்டன்சர் அங்க கிடைக்கலைன்னா சொல்லுங்க. அடுத்த மாசம் சென்னை போறப்ப ரிச்சி தெருவுல வாங்கி, யாழ்ப்பாணம் வர்ற நண்பர்கிட்ட குடுத்தனுப்புறேன்.

சுன்னாகம்_சோல்டர் · திங்கள், காலை 9.00

எல்லாரும் அழுது முடிச்சால் ஒண்டு சொல்லுறன். எனக்கு இது பொழுதுபோக்கில்லை, சோறு. ரீவி, அம்ப்ளிபயர் திருத்துறன், பழைய றேடியோவும் வரும். நான் பத்து வருசம் கையைச் சுட்டுப் படிச்சதை இஞ்ச சும்மா எழுதிப்போட்டால், நாளைக்கு ஆர் என்ர கடைக்கு வருவினம்? வேலைக்குப் போய் வந்து சனிக்கிழமை சோல்டர் பிடிக்கிற ஆக்களுக்கு இது சுகமான கதை.

கொக்குவில்_மாணவி · திங்கள், காலை 9.40

அண்ணா, உங்கட கேள்வி நியாயம். ஆனா கோண்டாவில் அண்ணா ரெண்டு கடைக்குப் போனவர், ரெண்டிலயும் ஏலாது எண்டவை. நீங்கள் சுன்னாகத்தில இருக்கிறது அவருக்குத் தெரியாது. இப்பிடி ஒண்டு திருத்தேலும் எண்டே ஊரில கனபேருக்குத் தெரியாது.

சுன்னாகம்_சோல்டர் · திங்கள், காலை 10.15

தெரிஞ்சால் வருவினம் எண்டு நீங்கள் சொல்லுறியள். வந்து, நீங்கள் எழுதினதை வாசிச்சு, "இது ஒரு கொண்டென்சர்தானே" எண்டு காசு குறைக்கச் சொல்லுவினம். எனக்கு நடந்திருக்கு.

கஸ்தூரியார்_வீதி_பழையவர் · திங்கள், பி.ப. 5.00

தம்பி சுன்னாகம், உமக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீர் இப்ப சொல்லுறதை நானும் சொல்லித்தான் குடும்பம் பாத்தனான். ரான்ஸ்போமர் சுத்துறது உமக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் அதை எழுதவேண்டாம். "சுத்தித் தருவன்" எண்டு மட்டும் எழுதும். வாசிச்சுப்போட்டு அதை ஆரும் வீட்டில செய்யமாட்டினம். உம்மட்டைத்தான் வருவினம்.

சுன்னாகம்_சோல்டர் · திங்கள், இரவு 8.20

தெரியும் ஐயா. மெயின்ஸ் ரான்ஸ்போமர், வெளியீட்டு ரான்ஸ்போமர் ரெண்டும் சுத்தித் தருவன். ஆருக்கும் தேவையெண்டால் தனிச்செய்தி போடுங்கோ. மற்றதைப் பற்றி யோசிக்கிறன்.

ரொறன்ரோ_தம்பி · செவ்வாய், காலை 5.50

இஞ்ச இப்ப திங்கள் இரவு. கோண்டாவில் அண்ணை போட்ட படத்தைப் பெருசாக்கிப் பாத்தன். தட்டில அடிச்சிருக்கிற இலக்கத்தின்ர முதல் பாதி, என்னட்டை உள்ள ஒரு சேர்விஸ் தாளோட ஒத்துவருது. இஞ்ச ஒரு பழைய சாமான் சந்தையில பெட்டியோட வாங்கின தாளுகள். ஸ்கான் பண்ணிச் சேத்திருக்கிறன். ஈஎல் 84 கிறிட்டுக்குப் போற கொண்டென்சர் 10 நானோபராட். பெரிய பேணி 50ம் 50ம் மைக்ரோபராட்.

2012இல கனடா வானொலி சோட் வேவை நிப்பாட்டினாப் பிறகு 31 மீற்றர் சோட் வேவ் அலைவரிசையைப் பற்றிக் கதைக்க இஞ்ச எனக்கு ஆளில்லை. அதுவும் தமிழில, "முள்ளு", "கண்", "இழுபடுது" எண்டெல்லாம் சொல்லிக் கதைக்க. வேலை முடிஞ்சு வந்து முதல் இதைத்தான் திறக்கிறனான்.

கோண்டாவில்_மகன் · புதன், இரவு 10.30

நடந்ததை ஒழுங்கா எழுதுறன், பிழையெண்டால் சொல்லுங்கோ.

பெரிய பேணிக்குப் பதிலா ரெண்டு புதுக் கொண்டென்சர், 47 மைக்ரோபராட், 450 வோல்ற், ரவுணில கிடைச்சது. பேணியைக் கழட்டேல்லை. பழைய தொடுப்பை மட்டும் வெட்டிவிட்டு, புதுசைத் தட்டுக்கு அடியில போட்டன். பல்ப் மூண்டு செக்கன் பளீரெண்டு எரிஞ்சு மங்கினது.

மெழுகுக் கொண்டென்சரை மாத்த முதல், உண்மையிலயே கசியுதோ எண்டு அறிய ஆசைப்பட்டன். ஈஎல் 84ஐக் கழட்டிப்போட்டு அந்தக் குழியின்ர ரெண்டாம் காலுக்கும் தட்டுக்கும் நடுவில மீற்றர் வைச்சன். ஒரு நிமிசத்துக்கு மேல விடேல்லை. பூச்சியம் நிக்கவேண்டிய இடத்தில 11 வோல்ற். அந்த 11ஐக் கண்ட உடன எனக்குக் கை குளிர்ந்துபோச்சு. சனிக்கிழமை இரவு, நல்லூர் அண்ணை எழுதிக்கொண்டிருந்த அந்த இருபத்தைஞ்சு நிமிசமும், குத்துவமோ விடுவமோ எண்டு பிளக்கைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான். மாத்தின பிறகு பூச்சியம்.

அந்தக் கொண்டென்சரைக் கழட்டேக்க கண்டது: அதின்ர ஒரு காலுக்குக் கறுத்த ரப்பர் குழாய் போட்டுக் கிடந்தது. சைக்கிள் வால்வுக் குழாய். பெலமா இழுக்க உதிர்ந்துபோச்சு. ஆரோ அந்த நாளில திருத்தியிருக்கினம்.

திருப்புளி வைச்சன், "ர்ர்" எண்டு சத்தம் நல்லா வருது. ஸ்ரேசன் ஒண்டும் வரேல்லை. 1055 பக்கம் அரை மணித்தியாலம் தேடினன், 1070 வரையும் போனன். ஒண்டும் விழேல்லை.

கஸ்தூரியார்_வீதி_பழையவர் · வியாழன், காலை 7.00

வால்வுக் குழாய் என்ர கையெண்டு சொல்ல ஆசையாக் கிடக்கு, ஆனா அப்ப நாங்கள் எல்லாரும் அதைத்தான் போட்டம். படம் எடுத்து வையும்.

பருத்தித்துறை_31மீற்றர் · வியாழன், காலை 8.45

போன் எடுப்பம் எண்டு நினைச்சுப்போட்டு, எழுதுறன். ஒரு மணித்தியாலம் எடுத்தது.

அலைவரிசை மாத்திற சுவிட்ச். கடல் காத்துப் படுற எங்கட பக்கத்தில பத்தில எட்டு றேடியோவில அதுதான். வெள்ளி பூசின தொடுப்புகள் கறுத்துப்போகும், செம்பு உள்ள இடத்தில பச்சை பிடிக்கும். கண்ணுக்குத் தொடுற மாதிரித் தெரியும், கரண்ட் போகாது. அரத்தாலயோ மண் கடதாசியாலயோ தேய்க்கவேண்டாம், வெள்ளி போயிடும். சுத்தமான ஸ்பிரிட்டை ஊசியில எடுத்து ஒவ்வொரு தொடுப்பிலயும் ஒரு துளி விடுங்கோ. கரண்ட் குடுக்காமல் சுவிட்சை முப்பது தரம் அங்கால இஞ்சால திருப்புங்கோ. காயவிடுங்கோ. திரும்ப ஒருக்கா. தொடுப்பை நிமித்த வெளிக்கிடாதேங்கோ, முறிஞ்சால் அதுக்கு மாற்று இல்லை.

அதுக்கும் சரிவரேல்லையெண்டால் ஈசிஎச் 81இன்ர எட்டாம் காலில வோல்ற் பாருங்கோ. ஒண்டுமே இல்லையெண்டால் அதுக்குப் போற ரெசிஸ்ரர் அறுந்திருக்கும்.

தமிழோசைக் கடைசிப் பதிவை என்ர மகன் இண்டைக்குப் பின்னேரம் இஞ்ச ஏத்துவான்.

கோண்டாவில்_மகன் · வெள்ளி, இரவு 9.50

ஸ்பிரிட் ரெண்டாம் தரம் விட்ட பிறகு 1062இல சின்ன றேடியோ விசில் அடிச்சது. அப்ப என்ர றேடியோவுக்கு வித்தியாசம் 462 எண்டு நினைக்கிறன்.

பெரிய றேடியோவின்ர முள்ளை 936 பக்கம் கொண்டுபோனன். திருச்சி. நாகசுரம் போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கண் மெல்ல ஒடுங்கி, பிறகு அசையாமல் நிண்டது. அப்பா அந்தக் கண்ணைப் பாத்துத்தான் முள்ளு வைக்கிறவர். இவ்வளவு காலமும் மறந்துபோனன்.

எடுத்த வோல்ற் எல்லாத்தையும், கால் கால் எண்டு, கீழ எழுதியிருக்கிறன். ரொறன்ரோத் தம்பியின்ர தாளில உள்ளதையும் பக்கத்தில போட்டிருக்கிறன். சத்தத்தையும் பதிஞ்சு போட்டிருக்கிறன். பருத்தித்துறை ஐயா, உள்ளுக்கு மெல்லிய இரைச்சல் ஒண்டு இருக்கு, 50ஓ 100ஓ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.

பருத்தித்துறை_31மீற்றர் · வெள்ளி, இரவு 10.20

50. வால்வுச் சூட்டிழை வயர் எங்கையோ ஈஏபிசி 80இன்ர கிறிட் வயருக்குக் கிட்டப் போகுது. தட்டு மூலையோட ஒட்டத் தள்ளிவிடுங்கோ. நல்ல சத்தம் தம்பி.

மன்னார்_புதியவர் · ஞாயிறு, காலை 7.10

வணக்கம். முழுக்க வாசிச்சன். என்னட்டையும் இதே றேடியோ, அதே வால்வு. 11 வோல்ற் எனக்கும் வந்தது, மாத்திப்போட்டன், பாடுது. ஆனா முள்ளு நகரேல்லை. டயல் நூலை எலி கடிச்சுப்போட்டுது. நைலோன் தங்கூசி போடலாமோ?

குருநகர்_கடல் · ஞாயிறு, காலை 7.35

இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். நூல் எண்டால் நான் சொல்லுறன்.

தங்கூசி வேண்டாம். இழுபடும், வழுக்கும், வெயில் சூட்டில தளரும். பின்னின மீன்பிடி நூல் கேளுங்கோ, மெல்லிசு, அரை மில்லிமீற்றர். மன்னாரில சாமான் கடையில கிடைக்கும். பொத்தான் தண்டில இரண்டரைச் சுற்று, குறையப்படாது, கூடினால் ஏறிச் சிக்கும். ஸ்பிரிங்கைப் பாதி இழுத்த நிலையில முடிச்சுப் போடுங்கோ. முடிச்சில ஒரு துளி நகப்பூச்சு. நூல் போற பாதையைக் கீறி அனுப்புறன், ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ, வள்ளம் இப்பதான் கரைக்கு வந்தது.